பணம் இருந்தும் கார்டு ஏற்கப்படவில்லை: ஒரு ஸ்டுடியோவின் மூன்று அக்டோபர்கள்

என் அக்கா வீட்டுக்காரர் கும்பகோணத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று எதற்குக் கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். படங்களைத் திருத்துகிற மென்பொருளும் அவற்றைச் சேமித்து வைக்கிற கிளவுட் இடமும் சேர்ந்த ஒரு சந்தாவை 2018-லேயே ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் எடுத்திருந்தார். ஜிஎஸ்டி உட்பட மாதம் 1,180 ரூபாய். மாதா மாதம் டெபிட் கார்டிலிருந்து தானாகப் போய்விடும், அவரும் அதை மறந்தே போயிருந்தார்.

2021, 2022, 2023 என்று அடுத்தடுத்து மூன்று அக்டோபரிலும் அந்தப் பணம் போகவில்லை. மூன்று முறையும் கணக்கில் போதுமான பணம் இருந்தது. மூன்று முறையும் காரணம் வேறு வேறு. ஆனால் திரையில் வந்தது ஒரே வாசகம்தான்: உங்கள் கட்டணம் ஏற்கப்படவில்லை, வங்கியைத் தொடர்புகொள்ளவும்.

நான் சென்னையில் ஆன்லைன் பணப்பரிமாற்றம் கையாளும் ஒரு நிறுவனத்தில் சில வருடம் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருந்தவன். இந்த ஒற்றை வாசகத்தோடு தினமும் ஆட்கள் கூப்பிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது "சார், அக்கவுண்ட்ல பணம் இருக்கு சார்" என்பதுதான். யாரும் கேட்காமலே சொல்வார்கள், தன்னைக் கடன்காரன் என்று யாரோ சொல்லிவிட்டது போன்ற குரலில். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் அத்தான் ஸ்டுடியோவில் நடந்ததை அடி முதல் நுனி வரை எழுதி வைக்கிறேன்.

முதல் அக்டோபர், 2021

அக்டோபர் முதல் வாரத்தில் மெயில் வந்தது. அத்தான் அதைப் பார்த்ததே மூன்று நாள் கழித்துத்தான், பாபநாசத்துக் கல்யாணம் ஒன்றின் படங்களை ஏற்ற முடியாமல் நின்றபோது. அந்த நிறுவனத்துக்கு எழுதினார், வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். வங்கிக்குப் போன் செய்தார், எங்கள் பக்கம் எந்தப் பிரச்சினையும் இல்லை, கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, விற்பவரைக் கேளுங்கள் என்றார்கள். முந்தின நாள்தான் அதே கார்டில் ஏடிஎம்மில் 10,000 எடுத்திருக்கிறார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, கார்டு நல்லாத்தான் இருக்கு, பணமும் இருக்கு, ஆனா ரெண்டு பேரும் என்னைப் பந்து மாதிரி உருட்டுறாங்க."

அவர் போனில் செப்டம்பர் மாத எஸ்எம்எஸ்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். தனிநபர் கடன் விளம்பரங்களுக்கு நடுவே, வங்கியிடமிருந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி: அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கூடுதல் சரிபார்ப்பு இல்லாத தானியங்கிக் கட்டணங்களைக் கார்டில் ஏற்க மாட்டோம். அவ்வளவுதான். எந்தக் கட்டணம், எந்த நிறுவனம், இனி நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சொல் இல்லை.

இதற்குக் கொஞ்சம் பின்கதை உண்டு. கார்டு கையில் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்து நடக்கும் ஆன்லைன் பரிவர்த்தனைக்குக் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்தே கட்டாயமாக்கியிருந்தது. இன்று நமக்கு ஓடிபி என்று பழகிப்போனது அந்த வழியில் வந்ததுதான். இந்தியாவிலேயே சேவை தந்துவிட்டு, பணத்தை மட்டும் வெளிநாட்டு வங்கி வழியாக எடுத்து இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்த நிறுவனங்களையும் 2014-இல் அது தடுத்தது. ஊபர் அந்தச் சமயத்தில்தான் இங்கே பேடிஎம் வாலட்டுக்கு மாறியது. மிச்சம் இருந்தது சந்தா. மாதா மாதம் ஓடிபி கேட்டால் தானியங்கிக் கட்டணம் என்பதற்கே அர்த்தம் இல்லை, கேட்காவிட்டால் ஒருமுறை கார்டு எண்ணைக் கொடுத்தவன் கதி என்ன? 2019 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை இதற்கு ஒரு வழி சொன்னது. தொடங்கும்போது ஒருமுறை ஓடிபி. அதன்பின் ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, யார், எவ்வளவு, எப்போது எடுக்கப்போகிறார்கள் என்று வங்கி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்தும் வசதி இருக்க வேண்டும். இதற்காக உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஓடிபி இல்லாமல் போகக்கூடிய உச்ச வரம்பு அப்போது 2,000 ரூபாய், 2021 ஜனவரியில் 5,000 ஆனது.

விதி சரியானது என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. ஏழு நாள் இலவசம் என்று நம்பிக் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, எங்கே போய் நிறுத்துவது என்று தெரியாமல் ஒரு வருடம் பணம் கட்டியவர்களை நான் போனில் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பேரன் எதையோ அமுக்கிவிட்டான் என்று சொல்லி அழுதேவிட்டார். அப்போது எங்களால் செய்ய முடிந்தது கார்டையே முடக்கிப் புதியது வாங்கச் சொல்வதுதான்.

ஆனால் அந்த 24 மணி நேர முன்னறிவிப்புதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்புக்கு அதுவரை தெரிந்தது "இப்போது இந்தப் பணத்தை எடு" என்ற ஒரே செய்திதான். நாளை எடுக்கப்போகிறேன், அவரிடம் சொல்லிவை என்று ஒரு கடைக்காரர் வங்கிக்குச் சொல்ல அங்கே வழியே கிடையாது. அந்த வழியைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது, அதில் கடைக்காரரின் வங்கியும் சேர வேண்டும், உங்கள் வங்கியும் சேர வேண்டும், கடைக்காரரும் தன் நிரலை மாற்ற வேண்டும். இதில் ஒருவர் தயாராக இல்லையென்றாலும் பணம் போகாது. 2021 மார்ச் 31 கெடுவுக்கு ஆட்கள் தயாராகவில்லை, ரிசர்வ் வங்கி கடிந்துகொண்டு ஆறு மாதம் நீட்டித்தது. அக்டோபர் 1 அன்றும் எல்லாரும் தயாராகியிருக்கவில்லை. அத்தானுக்கு நடந்தது இதுதான். 2018-இல் அவர் கொடுத்த அனுமதி புதிய முறைப்படி பதிவாகவில்லை, பதிவு செய்துகொள்ளும் வசதி அவர் வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையே அந்த மாதம் இல்லை. ஆகவே வங்கி மறுத்தது. கார்டு நன்றாக இருக்கிறது என்று போனில் சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த திரையில் கார்டின் நிலை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இதே சிக்கலில் பெரிய நிறுவனங்களே தடுமாறின. 2022-இல் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் இந்தியக் கார்டுகளை ஏற்பதையே நிறுத்திவிட்டு, யுபிஐ, நெட்பேங்கிங், முன்கூட்டியே கணக்கில் போட்டுவைக்கும் தொகை என்று மாறியது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? மாதச் சந்தாவை விட்டுவிட்டு வருடச் சந்தாவுக்கு மாறினோம். 13,570 ரூபாய். அதை அத்தானே உட்கார்ந்து கார்டு எண்ணைத் தட்டி, ஓடிபி போட்டுக் கட்டினார், உடனே போயிற்று. பாபநாசத்து ஆல்பம் நான்கு நாள் தாமதம். பெண் வீட்டார் பெருந்தன்மையானவர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது அக்டோபர், 2022

மூன்றில் மிகவும் சிக்கலானது இதுதான், நானே தவறான முடிவுக்குப் போனதும் இதில்தான்.

ஆகஸ்டில் அத்தானின் டெபிட் கார்டு காலாவதியாகி, புதியது தபாலில் வந்தது. எண்ணும் புதியது. ஏடிஎம்மில் போட்டுப் பின் எண் வைத்தார், பணம் எடுத்தார். கார்டு வேலை செய்கிறது என்று பர்ஸில் வைத்துக்கொண்டார். அக்டோபரில் வருடச் சந்தா புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. பழைய கார்டு எண் போகாது என்பது அவருக்கே தெரியும், புதிய எண்ணைக் கொடுத்தார். ஏற்கப்படவில்லை. மறுபடி போட்டார். மறுபடி. நான்கு முறை.

என்னிடம் வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இந்திய இணையக் கடைகள் கார்டு எண்ணைத் தங்களிடம் சேமித்து வைக்கக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்ணைத்தான் வைக்கலாம் என்ற விதி அதே அக்டோபர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது, ஆகவே அதுதான் காரணம் என்று. அரை நாள் அதன் பின்னால் ஓடினேன். அது இல்லை. எண்ணைப் புதிதாகத் தட்டிச் செலுத்தும்போது சேமிப்பு பற்றிய விதிக்கு அங்கே வேலையே இல்லை என்பதை நான் நிதானமாக யோசித்திருக்க வேண்டும்.

உண்மையான காரணம் இன்னும் பழைய விதி. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது: புதிதாகக் கொடுக்கும் அல்லது மாற்றிக் கொடுக்கும் எந்தக் கார்டும் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும், ஆன்லைனும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் கார்டை இயந்திரத்தில் செருகாமல் காட்டியே கட்டும் வசதியும் அணைத்தே வைக்கப்பட்டிருக்க வேண்டும், வேண்டுமானால் கார்டுக்காரர் தானே திறந்துகொள்ளலாம். கொரோனாவால் தள்ளிப்போய் அந்த ஆண்டு அக்டோபரில் அமலானது. அத்தானின் பழைய கார்டு 2017-இல் வாங்கியது, ஆன்லைனில் பயன்பாட்டில் இருந்ததால் அதைத் தொடவில்லை. புதிய கார்டு பூட்டோடு வந்தது. அந்தப் பூட்டைப் பற்றிய வரி கார்டு வந்த உறைக்குள் இருந்த தாளில் பொடி எழுத்தில் இருந்தது, பிற்பாடு எடுத்துப் பார்த்தேன்.

வங்கியின் செயலியில் போய் ஆன்லைன் என்ற பொத்தானைத் திறந்தோம். முயன்றோம். ஏற்கப்படவில்லை. இரண்டு முறை. இப்போது எனக்கு வேறொன்று உறைத்தது. அந்த நிறுவனம் விலையை ரூபாயில் காட்டுகிறது, ஜிஎஸ்டி போடுகிறது, பில்லில் எல்லாம் இந்திய விலாசம் போலத் தெரிகிறது. ஆனால் அவர்கள் பணம் வாங்கும் வங்கி வெளிநாட்டில் இருக்கிறது. நம் வங்கிக்கு முக்கியம் ரூபாயா டாலரா என்பது இல்லை, கேட்கிறவர் எந்த நாட்டில் பதிவானவர் என்பது. ஆக இது அதன் கணக்கில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை. ரூபாயில்தானே கட்டுகிறோம் என்று நினைத்து இந்தப் பொத்தானைப் பற்றி யோசிக்காதவர்கள் ஏராளம். (ரூபாயில் கட்டியும் வெளிநாட்டுக் கட்டணம் என்று வங்கி தனியாகக் கொஞ்சம் பிடித்திருந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், பாஸ்புக்கைப் பாருங்கள்.)

வெளிநாட்டுப் பொத்தானையும் திறந்தோம். இனி போயே ஆக வேண்டும். போகவில்லை.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். திறந்தும் போகவில்லை என்றால் இது காரணம் இல்லை என்று முடிவு கட்டி, பாதுகாப்புக்காக அதை மறுபடி அணைக்கச் சொல்லிவிட்டேன். பிறகு மூன்று முறை வேறு உலாவியில், வேறு போனில். எல்லாம் மறுப்பு. மூன்றாம் நாள் அத்தானை நேராகக் கிளைக்கே போகச் சொன்னேன், நானும் லைனில் இருந்தேன். அங்கே ஒரு அம்மா பொறுமையாகத் தன் திரையைப் பார்த்து வரிசையாகப் படித்தார். முதல் ஆறு மறுப்புகளுக்கும் குறியீடு 57, அதாவது இந்த வகைப் பரிவர்த்தனைக்கு அனுமதி இல்லை. ஏழாவதிலிருந்து வேறு குறியீடு. "சார், ஒரே கார்டுல, வெளிநாட்டுக் கடைக்கு, அடுத்தடுத்து இத்தனை தடவை போட்டிருக்கீங்க. சிஸ்டம் யாரோ திருடன் முயற்சி பண்றான்னு நெனச்சு ஆன்லைனை லாக் பண்ணிருச்சு."

இரண்டு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. முதல் காரணத்தைச் சரிசெய்தபோது இரண்டாவது அதை மறைத்துக்கொண்டு நின்றது, அந்த இரண்டாவதை உண்டாக்கியதே முதல் காரணம் தெரியாமல் நாங்கள் செய்த முயற்சிகள். மெயில் ஒரே வாசகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அவர் பூட்டை நீக்கினார், வெளிநாட்டுப் பொத்தானை மறுபடி திறந்தோம், ஓடிபி வந்தது, பணம் போயிற்று. அதற்குள் ஓடிபி இல்லாமல் போகக்கூடிய வரம்பு 15,000 ஆகியிருந்தது, 2022 ஜூனில் உயர்த்தியிருந்தார்கள். அந்த நிறுவனமும் புதிய முறைக்குள் வந்துவிட்டது. அடுத்த ஆண்டுக்கான தானியங்கி அனுமதியையும் அப்போதே பதிவு செய்துவிட்டோம்.

அந்தக் குறியீடு பற்றி

ஒரு கோரிக்கை எப்படிப் போகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நீங்கள் பொத்தானை அமுக்கியதும் விவரம் விற்பவரிடமிருந்து, அவருக்கும் வங்கிக்கும் நடுவே நிற்கும் பேமெண்ட் கேட்வேக்கு, அங்கிருந்து விற்பவரின் வங்கிக்கு, அங்கிருந்து விசா அல்லது மாஸ்டர்கார்டு அல்லது ரூபே வலையமைப்புக்கு, கடைசியாக உங்கள் வங்கிக்கு. பதில் அதே வழியில் திரும்புகிறது. எல்லாம் சில நொடிக்குள். தாலுகா ஆபீசில் ஒரு மனு மேசை மேசையாகப் போவது போலத்தான், எந்த மேசையும் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பும் மேசை ஒரு எண்ணையும் எழுதி அனுப்புகிறது. 51 என்றால் பணம் போதவில்லை. 54 என்றால் கார்டு காலாவதி, அல்லது அந்தத் தேதியைத் தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள். 14 என்றால் எண் தவறு. 57 என்றால் இந்தக் கார்டுக்கு இந்த வகைப் பரிவர்த்தனை அனுமதி இல்லை. 91 என்றால் உங்கள் வங்கியின் கணினி பதிலே சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து முயலலாம். 05 என்றால் ஏற்க முடியாது, அவ்வளவுதான், காரணம் சொல்லாத மறுப்பு. சேவைப் பிரிவில் இருந்தவர்கள் 05-ஐக் கண்டால் பெருமூச்சு விடுவோம்.

இந்த எண் விற்பவர் வரைக்கும் வருகிறது. உங்களிடம் மட்டும் வருவதில்லை. அதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு: திருட்டுக் கார்டு எண்களை வைத்துக்கொண்டு எது உயிரோடு இருக்கிறது என்று சோதிப்பவர்களுக்கு, எண் சரி, தேதிதான் தப்பு என்று சொன்னால் அவர்கள் தேதியை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அதனால் விற்பவர் பொதுவாகப் பேசுவதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வங்கியின் செயலிக்குள், உங்கள் கைரேகையோடு நுழைந்திருக்கும் உங்களிடம், காலை 10.14-க்கு வந்த கோரிக்கையை வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருந்ததால் மறுத்தோம் என்று ஒரு வரி காட்டுவதில் எந்தத் திருடனுக்கு லாபம்? அந்த அம்மாவின் திரையில் இருந்த வரிசை அத்தானின் போனில் இருந்திருந்தால் முதல் மறுப்பிலேயே, ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. சில வங்கிகள் இப்போது எஸ்எம்எஸ்ஸில் காரணத்தையும் எழுதுகின்றன. எல்லா வங்கியும் எழுத வேண்டும், தமிழிலும் எழுத வேண்டும்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மறுப்பு வந்ததும் மறுபடி அமுக்காதீர்கள். வங்கியிடமிருந்து ஏதாவது எஸ்எம்எஸ் வந்ததா என்று பாருங்கள். வந்தால், கோரிக்கை உங்கள் வங்கி வரை போய் அங்கே மறுக்கப்பட்டிருக்கிறது, வங்கியைத்தான் கேட்க வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் வழியிலேயே எங்கோ திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம்: அந்தத் தளம் ரூபே கார்டை ஏற்காததாக இருக்கலாம், நீங்கள் கணக்குத் தொடங்கிய நாடும் கார்டின் நாடும் பொருந்தாமல் இருக்கலாம், இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டிருந்ததால் விற்பவரே சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கலாம். இது நூற்றுக்கு நூறு உறுதியான அடையாளம் இல்லை, மறுப்புக்கு எஸ்எம்எஸ் அனுப்பாத வங்கிகளும் உண்டு. ஆனால் யாரை முதலில் கூப்பிடுவது என்று முடிவு செய்ய இது போதும். வங்கியைக் கூப்பிடும்போது கார்டு வேலை செய்கிறதா என்று கேட்காதீர்கள், செய்கிறது என்றுதான் பதில் வரும். இன்ன தேதி, இன்ன நேரம், இவ்வளவு ரூபாய், அந்தக் கோரிக்கை என்ன காரணத்துக்காக மறுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

மூன்றாவது அக்டோபர், 2023

இந்த முறை கார்டு, பொத்தான்கள், அனுமதி எல்லாம் சரியாக இருந்தன. அந்த நிறுவனம் விலையை ஏற்றியிருந்தது. 13,300, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 15,694 ரூபாய். 15,000-க்கு மேல் போனால் தானாக எடுக்க முடியாது, ஒவ்வொரு முறையும் கார்டுக்காரர் ஓடிபி போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். 694 ரூபாய் தாண்டியதில் சந்தா வேறு வகைக்கு மாறிவிட்டது.

விதிப்படி முன்னறிவிப்பு வந்தது. இன்ன நிறுவனம், 15,694 ரூபாய், இன்ன தேதி, ஒப்புதல் தர இந்த இணைப்பை அழுத்தவும். அத்தான் அழுத்தவில்லை. ஏனென்றால் வங்கிப் பெயரில் வரும் எந்த இணைப்பையும் தொடாதீர்கள் என்று அவருக்கும் அக்காவுக்கும் சொல்லிச் சொல்லிப் பழக்கியவன் நான்தான். அவர் தெருவிலேயே மின்கட்டணம் பாக்கி என்று வந்த இணைப்பைத் தொட்டுப் பணத்தை இழந்தவர் ஒருவர் இருக்கிறார். அனுப்புநர் பெயரும் அவர் அதுவரை பார்க்காதது. அவர் செய்தது சரி. அந்தச் செய்தி உண்மையாக இருந்தபோதும் அவர் செய்தது சரி என்றே சொல்வேன்.

ஒரு பக்கம் வங்கிகளே இணைப்பைத் தொடாதீர்கள் என்று விளம்பரம் செய்கின்றன, இன்னொரு பக்கம் அதே வங்கியின் பெயரில் இணைப்பைத் தொட்டால்தான் சந்தா நிலைக்கும் என்று செய்தி வருகிறது. மனிதர் எதை நம்புவார்? ஒப்புதலை வங்கியின் சொந்தச் செயலிக்குள் வைத்துவிட்டு, எஸ்எம்எஸ்ஸில் "செயலியைத் திறந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னால் இந்தக் குழப்பமே வராது.

மறுநாள் பணம் போகவில்லை, வழக்கமான மெயில் வந்தது. இந்த முறை அத்தான் மறுபடி மறுபடி அமுக்கவில்லை, நேராக என்னைக் கூப்பிட்டார். வரம்பைச் சொன்னேன். அந்த நிறுவனத்தின் தளத்துக்கே போய், தன் கணக்கில் நுழைந்து, ஓடிபி போட்டுக் கட்டினார். இருபது நிமிடம்.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு காரியம் செய்தாள். வங்கித் தளத்தில் தானியங்கி அனுமதிகளின் பட்டியல் இருக்கும் பக்கத்தை நான் காட்டியிருந்தேன். அதில் ஸ்டுடியோ சந்தாவுக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது, மாதம் 149 ரூபாய், ஒரு விளையாட்டுச் செயலி. சின்னவன் எப்போதோ அப்பாவின் போனில், ஓடிபியையும் அவனே பார்த்துப் போட்டு, ஆரம்பித்தது. மாதா மாதம் முன்னறிவிப்பும் வந்திருக்கிறது, யாரும் படிக்கவில்லை. அக்கா அங்கேயே ரத்து செய்தாள். அந்தச் செயலிக்காரர்களிடம் கேட்கவும் வேண்டியதில்லை, கார்டை முடக்கவும் வேண்டியதில்லை. போனில் அழுத அந்த ஆசிரியர் காலத்தில் இந்தப் பக்கம் கிடையாது.

இப்போது எப்படி வைத்திருக்கிறோம்

சந்தாக்களுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கும் அதன் டெபிட் கார்டும். வெளிநாட்டுப் பொத்தான் எப்போதும் திறந்தே இருக்கும், ஏனென்றால் புதுப்பிக்கும் நாளில் அது அணைந்திருந்தால் தானியங்கிக் கட்டணமும் திரும்பிவிடும். ஆனால் அந்தக் கணக்கில் தேவையான அளவுக்கு மேல் பணம் இருக்காது, கார்டின் செலவு வரம்பையும் 20,000-க்கு வைத்திருக்கிறோம். கடையின் மெயின் கணக்குக் கார்டில் வெளிநாடு அணைந்தே இருக்கிறது. மாதம் முந்நூறு, நானூறு ரூபாய் போகும் உள்ளூர்ச் சந்தாக்களை, கார்டு இல்லாமல் யுபிஐ வழியே தானாகப் போகும் ஆட்டோபேக்கு மாற்றிவிட்டோம், கார்டு காலாவதியாவது பற்றிக் கவலை இல்லை.

ஓடிபி இல்லாத அந்த 15,000 வரம்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டுப் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கும் 2023 டிசம்பரில் ஓடிபி இல்லாத உச்சத்தை ஒரு லட்சம் ஆக்கினார்கள். ஃபாஸ்டேக் போன்றவற்றில் இருப்பு குறைந்ததும் தானாக நிரப்பிக்கொள்வதற்கு 24 மணி நேர முன்னறிவிப்பு தேவையில்லை என்று 2024 ஆகஸ்டில் விலக்கு தந்தார்கள், சுங்கச்சாவடியில் நின்றுகொண்டு நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்ல முடியாதல்லவா. மென்பொருள் சந்தா இந்த விலக்குகள் எதிலும் வராது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்குள்ள வங்கிக் கார்டை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, துபாயிலோ சிங்கப்பூரிலோ இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள், ஓடிபி வராது, முன்னறிவிப்பும் வராது. என் நண்பன் ஒருவன் இரண்டு மாதம் இதைக் கண்டுபிடிக்காமலே திண்டாடினான். மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்பும் வங்கியாக இருந்தால் தப்பித்தீர்கள்.

2024 அக்டோபரில் முன்னறிவிப்பு ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்தது. அத்தான் வலங்கைமானில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரவேற்பில் இருந்தார், போன் பைக்குள். அதே செய்தி அக்காவின் மெயிலுக்கும் போகும்படி மாற்றி வைத்திருந்ததால் அவள் பார்த்துவிட்டாள். இணைப்பைத் தொடவில்லை. கம்ப்யூட்டரில் அந்த நிறுவனத்தின் தளத்தைத் திறந்தாள், அத்தானுக்குப் போன் போட்டாள், நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே அவர் ஓடிபியைக் கத்திச் சொன்னார், அவள் இரண்டு முறை திருப்பிக் கேட்டுத் தட்டினாள். பணம் போயிற்று. அடுத்த நாள் முகூர்த்தப் படங்கள் மதியத்துக்குள் ஏறிவிட்டன.